தல்சு வாய் திறக்கும் நாள்

சியோல், புல்குவாங்
18 மார்ச் 1997, செவ்வாய்

போரம் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று சேனல் ஆபீஸ் மிஸ் பியோ சொல்கிறாள். செவ்வாய்தோறும் அவள் யாங்பியோங்குக்கு ரயிலேறி உன் வசனத் தாள்களை வாங்கி வருகிறாள். போகும்போது வெறுங்கையாகப் போவானேன் என்று இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பா முள்ளங்கிக் கிம்ச்சியையும் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மலையடிவாரத்தில் உட்கார்ந்து தொடர் எழுதுகிறவளுக்கு வேறு எப்படிச் சேதி சொல்வது? டப்பா திரும்பி வர வேண்டும். போன டப்பாவே இன்னும் வரவில்லை.

முதலில் நன்றி. அது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும், அதனால் இத்தோடு விட்டுவிடுகிறேன். நடிக்க வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. ஜப்பானியச் சிப்பாய் மூன்று. கிண்ணத்து விஷத்தைக் குடித்துச் சாகும் அமைச்சர். கடன் தர மறுக்கும் வங்கி மேலாளர். வீட்டுத் தரகர். ஊர்த் தலைவர், எத்தனை ஊருக்கு என்று எனக்கே தெரியாது. ஒன்றுக்காவது பெயர் இருந்ததா? இப்போது தாளில் 'நாம் தல்சு' என்று, 'நாம்' என்கிற குடும்பப் பெயரோடு போட்டிருக்கிறது. அதை வாங்கியதும் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு நாலு தரம் வாசித்தேன்.

இவ்வளவு நாள் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஒங்கள எங்கயோ பாத்திருக்கேனே, வார்டு ஆபீஸ்ல இருந்தீங்களா?" என்றுதான் கேட்பார்கள். போன ஞாயிறு சந்தையில் டோஃபு விற்கிற அம்மாள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "அடியாத்தி, நம்ம தல்சு அண்ணன்!" என்று கத்தினாள். ஒரு கட்டி டோஃபு சும்மாவே கொடுத்தாள். தல்சு ஊதாரி, மனைவி கும்சுக்கைப் பாடாய்ப் படுத்துகிறான், இருந்தும் அவனைப் பிடிக்கிறதாம்.

படப்பிடிப்பு தொடங்கிய அன்று வழக்கப்படி பூஜையில் வைத்த பன்றித் தலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டோம். தொடர் ஓட வேண்டும் என்று எல்லோரும் வேண்டினார்கள். தல்சு ஐம்பதாவது பகுதிவரை உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் வேண்டினேன். அது உன் கையில்தான் இருக்கிறது என்பது ஒரு சங்கடம்.

நீ மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போன தாளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போரம் அப்பா


யாங்பியோங்
1 ஏப்ரல் 1997

போரம் அப்பாவுக்கு,

கிம்ச்சி வந்தது. உப்பு அதிகம். டப்பா இரண்டையும் மிஸ் பியோவிடம் கொடுத்திருக்கிறேன், இனி அதைச் சொல்லிக் குத்திக்காட்ட முடியாது.

நன்றியை இயக்குநர் யூக்குக்குச் சொல்லுங்கள், உங்களைக் கேட்டது அவர்தான். நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒன்பதாவது பகுதியில் நீங்கள் செய்தது என்ன? நான் எழுதியது "வந்துட்டியா?" நீங்கள் சொன்னது "வந்துட்டியாம்மா?" அந்த 'அம்மா' எங்கிருந்து வந்தது? தல்சு மனைவியை அம்மா என்று குழைகிற ஆள் இல்லை. என் தாளில் ஒரு 'தான்'கூட மாறக் கூடாது என்பது சேனல் முழுக்கத் தெரியும். பெரிய பெரிய நட்சத்திரங்கள் என் 'தான்'களை எண்ணிக்கொண்டு பேசுகிறார்கள். உங்கள் சொந்தச் சரக்கை என் தொடரில் இறக்காதீர்கள்.

அந்தத் தாளைப் பற்றிப் 'பிறகு' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வீட்டை விட்டு வந்து மூன்றாவது வருடம் நடக்கிறது. குடும்ப நீதிமன்ற விவாகரத்துத் தாளில் என் பெயருக்குப் பக்கத்தில், கையெழுத்துக்குப் பதிலாக, என் சிவப்பு முத்திரையைப் போட்டு பிப்ரவரியில் வந்து வைத்துவிட்டுப் போனேன். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் முத்திரை விழ வேண்டிய வெறும் வட்டம்தான் இருக்கிறது. முத்திரையைப் போடுங்கள். அல்லது போட மாட்டேன் என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல் நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபத்திரண்டு வருடமும் அதைத்தானே செய்தீர்கள்?

பூசானிலிருந்து நம் மகள் போரம் எழுதியிருந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டதாம். உங்களுக்கும் எழுதியிருப்பாள், நீங்கள் பதில் போட்டிருக்க மாட்டீர்கள்.

யோங்நான்


புல்குவாங்
22 ஏப்ரல் 1997

போரம் அம்மாவுக்கு,

போரமுக்குப் பதில் போட்டுவிட்டேன். "வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுதினேன். வேறு என்ன எழுத?

இங்கே தலைக்கு மேல் வேலை. வசனத் தாள் நகலெடுத்துப் படப்பிடிப்பு அன்று காலையில்தான் எங்கள் கைக்கு வருகிறது, சூடு ஆறுவதற்குள் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. கதாநாயகன் பயல் கண்ணாடி பார்க்கிற நேரத்தில் நான் மூன்று காட்சி முடித்துவிடுவேன். என் மனைவியாக வருகிற பாங் சோனோக் அம்மாள் தங்கமானவர். தினமும் வேகவைத்த சர்க்கரைவள்ளி கொண்டு வருகிறார்.

அந்தத் தாள் விஷயம். என் பெயர் முத்திரையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

போரம் அப்பா


யாங்பியோங்
7 மே 1997

நடிகர் மா தோக்பே அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இருபதாவது பகுதியைப் பார்த்தேன். நான் எழுதி அனுப்பியது இது:

கும்சுக்: சோறு கருகிடுச்சு.
(தல்சு பதில் சொல்லாமல் எழுந்து போகிறார்.)

நீங்கள் எழுந்து போகவில்லை. கரண்டியை எடுத்தீர்கள். அடியில் பிடித்ததைச் சுரண்டி வாயில் போட்டு மென்றீர்கள். "கருகட்டும். நீ கருக்கினாத்தான் எனக்குச் சோறே இறங்குது" என்றீர்கள். பாங் சோனோக் நிஜமாகவே வெட்கப்பட்டாள். இயக்குநர் யூக் 'கட்' சொல்ல மறந்துவிட்டாராம். மறுநாள் பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு 'இப்படி ஒரு கணவன் கிடைத்தால்' என்று எழுதுகிறார்கள். எழுதியது நான் என்று என்னை வேறு பாராட்டுகிறார்கள்.

அது யார் வீட்டுச் சோறு?

சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து வானொலி நாடகம் எழுதிக்கொண்டிருந்தவள் நான். வாரத்தில் மூன்று நாள் சோறு கருகும். நீங்கள் பக்கத்து அறையிலிருந்து வருவீர்கள், பானையைப் பார்ப்பீர்கள், தலை நிமிராமல் தின்பீர்கள். ஒரு வார்த்தை கிடையாது. பிறகு பானையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கம்பி நாரால் அரைமணி நேரம் தேய்ப்பீர்கள். க்ரீச், க்ரீச் என்று அந்தச் சத்தம். ஒவ்வொரு தேய்ப்பும் என்னைத் திட்டுவதாகவே எனக்குக் கேட்டது. "வாயத் தொறந்து திட்டிடுங்களேன்!" என்று எத்தனை தரம் கெஞ்சியிருக்கிறேன்? அக்டோபரில் ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் என் பெட்டியைக் கட்டினேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது நாடே பார்க்க இன்னொரு பெண்ணிடம் அதைச் சொல்கிறீர்கள். அது நடிப்பா, நிஜமா? நடிப்பு என்றால் என் அடுப்படியைத் திருடிக்கொண்டுபோய் விற்றிருக்கிறீர்கள். நிஜம் என்றால் என் இருபத்திரண்டு வருடத்தைத் திருடியிருக்கிறீர்கள். எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உங்கள் வாய் திறந்தால் என்னுடையதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே அதற்கு ஓய்வு தருகிறேன். இருபத்துநாலாவது பகுதியில் தல்சுவின் சைக்கிள் லாரியில் மோதும். அவர் நினைவில்லாமல் படுத்திருப்பார். இமைகூட அசையக் கூடாது.

சிம் யோங்நான்


புல்குவாங்
27 மே 1997

மதிப்பிற்குரிய எழுத்தாளர் சிம் அவர்களுக்கு,

தங்கள் ஆணைப்படி படுத்திருக்கிறேன்.

படுப்பது சுலபம் என்று நினைத்து எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது. மூக்கில் குழாய், அதை ஒட்டுகிற பசையில் கன்னமெல்லாம் தடிப்பு. தலைக்கு மேல் இரண்டு விளக்கு. பாங் சோனோக் அம்மாள் என் மேல் கவிழ்ந்து அழுகிறார், அத்தனை கண்ணீரும் நேராக என் காதுக்குள் இறங்குகிறது. துடைக்க முடியுமா? காட்சிக்குக் காட்சி நடுவில் இளசுகள் என் வயிற்றின்மேல் தாள்களை வைத்துப் படிக்கிறார்கள், ஒருவன் ஆரஞ்சுத் தோலை வைத்துவிட்டுப் போய்விட்டான். போன வியாழன் உண்மையிலேயே தூங்கிவிட்டேன். யூக் வந்து காதோடு, "ஐயா, கோமாவுல கொறட்ட வராதுங்க" என்கிறார். சுற்றி நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள்.

பொதுக் குளியல் கூடத்தில் முதுகு தேய்க்கிறவன் என்னைப் புரட்டிப் போட்டு, "எப்பய்யா எந்திரிப்பீங்க? எங்க வீட்டுல சோறு தண்ணி இல்லாம அழுவுறா" என்று கேட்கிறான். டோஃபு அம்மாள் இப்போது காசு வாங்குகிறாள். "படுத்துக் கெடக்கறவருக்கு எதுக்கு டோஃபு?" என்கிறாள். இதையெல்லாம்விட மோசம், வேறொரு சேனலிலிருந்து கூப்பிட்டு, "நெனவில்லாம படுக்கறதுல ஒங்கள மிஞ்ச ஆளில்லன்னு பேசிக்கறாங்க" என்று அங்கேயும் ஒரு கட்டில் தருகிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக ஒரு வேஷத்தை மறுத்தேன்.

நேற்று அரங்கப் பொருள் பிரிவிலிருந்து வந்து என்னை மார்பளவு படம் எடுத்தார்கள். கறுப்பு நாடா கட்டிய சட்டம் தயாராக இருக்கிறதாம், தல்சு செத்தால் மாட்ட. உயிரோடு இருக்கிறவனை இப்படிப் படம் எடுத்தால் திருஷ்டி கழிய வழக்கமாகத் தருகிற வெள்ளைப் பண உறையை நீட்டினார்கள். நான் கையால் தொடவில்லை. பெயர் கிடைத்து மூன்று மாதத்தில் சுவரில் தொங்கவா இவ்வளவு பாடு? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, யோங்நான். எழுந்து உட்கார்ந்து கத்த வேண்டும்போல் இருக்கிறது, அதற்கும் நீ விடவில்லை.

நடிப்பா, நிஜமா என்று கேட்டாய். பதில் எழுத நாலு தரம் உட்கார்ந்துவிட்டேன். எழுதிக் கொடுத்ததை யார் முன்னாலும் சொல்லி அழவைப்பேன். எழுதிக் கொடுக்காமல் உன் முன்னால் நிறுத்தினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு ஒரு வரி கொடு. ஒரே ஒரு வரி போதும்.

போரம் அப்பா


யாங்பியோங்
24 ஜூன் 1997

போரம் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தரம் படித்தேன். ஆரஞ்சுத் தோல் இடத்தில் சிரித்துவிட்டேன், அதற்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது. கடைசிப் பத்தியைத் தனியாக வைத்திருக்கிறேன்.

முப்பத்தெட்டாவது பகுதியில் தல்சு கண் திறக்கிறார். ஜூலை 4, வெள்ளி, நடுப்பகலில் ஃபேக்ஸைச் செருகி அந்தக் காட்சியை மட்டும் அனுப்புவேன். அனுப்பியதும் மறுபடி பிடுங்கிவிடுவேன், சந்தேகம் கேட்க யாரும் கூப்பிட வேண்டாம் என்று யூக்கிடம் சொல்லுங்கள். அறையில் தல்சுவும் கும்சுக்கும் மட்டும். அந்த ஒரு காட்சியில் 'தான்' எண்ண மாட்டேன்.

கறுப்பு நாடாவை அவிழ்க்கச் சொல்லிவிட்டேன்.

யோங்நான்


புல்குவாங்
7 ஜூலை 1997, திங்கள்

போரம் அம்மாவுக்கு,

செவ்வாய்வரை பொறுக்க முடியாமல் தபாலில் போடுகிறேன். நடந்ததைக் கேள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஃபேக்ஸ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு வாரம் படுத்துக் கிடந்து காத்திருந்த வரி அல்லவா? சரியாகப் பன்னிரண்டுக்கு மெஷின் கர்ரென்று இழுத்தது. தாள் சுருண்டு சுருண்டு வந்தது. அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

(தல்சு கண் திறக்கிறார். கும்சுக்கைப் பார்க்கிறார்.)
தல்சு:

பிறகு வெள்ளை. ஒரு சாண் நீளத்துக்கு வெறும் வெள்ளை. அதற்குக் கீழே:

(கும்சுக் பதில் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.)

பாழாய்ப்போன மெஷின் என் வரியை மட்டும் தின்றுவிட்டது! மிஸ் பியோ அதன் மண்டையில் இரண்டு போடு போட்டுப் பார்த்தாள். உன் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தோம், நீதான் பிடுங்கிவிட்டாயே. ஞாயிறு ஒளிபரப்பு, நேரமில்லை. யூக் தலையில் கை வைத்துக்கொண்டு, "வரி வரலீங்கய்யா, என்ன பண்றது? கண்ணத் தொறங்க, அழுங்க. மிச்சத்த மியூசிக் பாத்துக்கும்" என்றார்.

அழுதேன். ஒரே தடவையில் முடிந்தது. விளக்குப் பிடிக்கிறவன் மூக்கைச் சிந்தினான், எல்லோரும் கை தட்டினார்கள். நேற்று ஒளிபரப்பானதிலிருந்து தெருவில் நடக்க முடியவில்லை. டோஃபு அம்மாள் இரண்டு கட்டி கொடுத்தாள்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. எனக்காக நீ எழுதிய ஒரே வரி, அதை ஒரு மெஷின் தின்றுவிட்டது. பழுது பார்க்கிறவனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கிழி கிழி என்று கிழித்தேன். அவன் கழற்றி மாட்டிவிட்டு, "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்களே" என்று சாதிக்கிறான்.

என்னதான் எழுதியிருந்தாய்? இப்போதாவது ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்பு. காட்சி முடிந்தால் முடியட்டும், நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போரம் அப்பா


யாங்பியோங்
10 ஜூலை 1997, விரைவுத் தபால்

போரம் அப்பாவுக்கு,

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அந்த ஆளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இத்தனை வருடமாக நான் யாருக்கும் ஒரு 'தான்' விட்டுக்கொடுத்ததில்லை. உங்களுக்கு ஒரு சாண் தாளை விட்டுக்கொடுத்தேன். அன்று பதினொரு மணிக்கு அந்தப் பெயரையும் ஒரு முக்காற்புள்ளியையும் எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைத்தேன். தல்சு என்ன சொல்வார் என்று ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். கும்சுக் இல்லை, நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அழுதீர்கள். நல்ல அழுகை. நானும் அழுதேன். ஆனால் அது யூக் சொன்ன அழுகை என்று இப்போது எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடம் காலியாக இருந்தால் அது உங்களுக்காக விட்டதாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. மெஷினைத் திட்டியிருக்கிறீர்கள். உங்களை நினைத்தால் எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

நான் உங்களுக்கு விட்ட காலி இடம் இரண்டு. ஒன்று நீதிமன்றத் தாளில் இருக்கும் வட்டம். இன்னொன்று இந்த வெள்ளை. இரண்டில் ஒன்றை நிரப்புங்கள். எது என்று நான் சொல்ல மாட்டேன். யாரிடமும் வசனம் கேட்காதீர்கள், முக்கியமாக என்னிடம்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிவரை ஃபேக்ஸைப் பிடுங்காமல் வைத்திருப்பேன். அதற்குமேல் என்னாலும் முடியாது.

சிம் யோங்நான்


ஃபேக்ஸ்
அனுப்புமிடம்: புல்குவாங் எழுதுபொருள் கடை
13 ஜூலை 1997, மாலை 4.40
பக்கம் 1 / 1

தோக்பே: சோறு கருகுற வாசன எனக்கு எப்பவும் மொதல்லயே வந்துடும். பக்கத்து ரூம்லதான இருந்தேன். எந்திரிச்சு வந்து அடுப்ப அணைக்க நாலு எட்டு. ஆனா ஒன் பேனா ஓடுற சத்தம் கேக்கும். ஒருதரம் நான் கதவத் தொறந்தப்ப அது நின்னுபோச்சு, அன்னிக்கி முழுக்க நீ ஒரு வரி எழுதல. அதுக்கப்பறம் நான் தொறக்கல. மூக்கப் பொத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். சோறு கருகுதுன்னா நீ நல்லா எழுதிக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். சந்தோஷமாத்தான் தின்னேன். சொல்லத் தெரியல.

பானையத் தேச்சது ஒன்னத் திட்டறதுக்கில்ல. கருப்பு நிக்கிற பானையப் பாத்தா மறுநா நீ அடுப்ப விட்டு நகர மாட்ட. அதான் வெள்ளையாகுற வரைக்கும் தேச்சேன். நீ பெட்டி கட்டுற சத்தமும் கேட்டுச்சு. திரும்பினா அழுதுடுவேன்னு தேச்சுக்கிட்டே இருந்தேன்.

அந்த சோனோக் அம்மாகிட்ட சொன்னது ஒன்கிட்ட சொல்ல வேண்டியது. அவங்க என்ன நெனப்பாங்கன்னு எனக்கு பயமில்ல. ஒன்கிட்ட பயம்.

முத்திர தொலையல. சட்டப்பையிலதான் கெடக்குது. போட மாட்டேன். எனக்கு நீ வேணும்.

(யோங்நான் பதில் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.)

எழுத்தாளர் கவனத்துக்கு: இந்தத் தாளில் ஒரு 'தான்'கூட மாறக் கூடாது.